மொட்டைக் கோபுரத்துச் சம்மனசு மணி

அக்கா,

கோவிலின் பின்பக்கம், பூசை உடுப்பு வைக்கிற அறைச் சுவரோரமாக, ஒரு தகரப் பீப்பாயில் சுண்ணாம்பு ஊறப் போட்டிருக்கிறார்கள். கருங்கல்லுக்கு நடுவில் இருக்கும் பழைய சாந்து உதிர்கிறதாம். சீமெந்து பூசினால் மழைத்தண்ணீர் உள்ளேயே நின்று சுவரைத் தின்றுவிடும், அந்தக் காலத்துச் சுவருக்கு அந்தக் காலத்துச் சுண்ணாம்புதான் சரி என்று வேலை பார்க்க வந்த பொறியியலாளர் சொன்னார். நான் எல்லாம் விளங்கியவன்போலத் தலையை ஆட்டிக்கொண்டு பீப்பாயைத் தாண்டினேன். ஈரச் சுண்ணாம்பின் வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், அங்கே கிடந்த பழைய வாங்குப் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயாவுக்கு பிரஷரா?" என்று அவர் ஓடிவந்தார்.

"ஆமா, பழைய பிரஷர்" என்றேன். பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. எழுபதை எட்டப்போகிற மனிதன் சுண்ணாம்பு வாசத்துக்குப் பயப்படுகிறான் என்றால் யார் நம்புவார்கள்? நீங்கள் நம்பியிருப்பீர்கள். நீங்கள் கண்ணை மூடி ஒரு கோவில் பெருநாள் கழிந்துவிட்டது.

இந்த வருஷ விழா மலருக்குக் கோவிலின் வரலாற்றை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவனை, பிலிமத்தலாவை இரும்புக் கடையில் வாழ்நாள் முழுக்க ஆணி நிறுத்துக் கொடுத்தவனைக் கேட்கிறார்கள் என்றால், வேறு கிழடுகள் மிச்சமில்லை என்று அர்த்தம். கடதாசியை எடுத்து வைத்து, 'நமது ஆலயமானது' என்று தொடங்கினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. 'அக்கா' என்று எழுதினேன். ஓடுகிறது.

வரலாறு சொல்வதென்றால் அது உங்கள் வேலைதானே. கோவிலைப் பார்க்க யாராவது வந்தால் விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டு நீங்கள் தொடங்கிவிடுவீர்கள். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு கதை, கன்னியாஸ்திரிகளுக்கு ஒரு கதை, கம்பளையிலிருந்து வரும் கல்யாணக் கூட்டத்துக்கு இன்னொரு கதை. கல்லை ஹந்தானை மலையிலிருந்து மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள் என்று ஒருநாள் சொல்வீர்கள், யானை இழுத்துக்கொண்டு வந்தது என்று மறுநாள் சொல்வீர்கள். "என்னக்கா, போன கிழமை மாடுதானே?" என்று நான் கேட்டால், "தூரத்துல இருந்து வந்த ஜனம் தம்பி. மாட்டப் பார்க்கவா வந்தாங்க?" என்பீர்கள்.

ஆனால் கோபுரத்தைப் பற்றி மட்டும் எல்லாருக்கும் ஒரே கதைதான் சொன்னீர்கள், ஏனென்றால் அது உண்மை. காப்பித் தோட்டத் துரைமார் காலத்தில் கட்டத் தொடங்கிய கோவில் இது. காப்பிக் களஞ்சியம் கட்டிய அதே ஆட்கள்தான் கூரையும் போட்டார்கள். அதனால்தான் கூர்மையான வளைவுகளுக்கு மேலே, பீடத்திலிருந்து வாசல் வரைக்கும், களஞ்சியத்தில் இருப்பதுபோன்ற பலாமரச் சட்டங்கள். முட்டுச்சுவர் வைத்து, கண்ணாடிச் சாளரம் வைத்து, வாசலுக்கு மேலே கோபுரத்தையும் எழுப்பிக்கொண்டு வரும்போது காப்பிச் செடிக்கு நோய் வந்தது. தோட்டங்கள் செத்தன, கோபுரமும் அப்படியே நின்றது. உச்சியில் வரவேண்டிய கூம்பு வரவேயில்லை. மணியைத் தொங்கவிட்டு, மேலே தகரத்தைப் போட்டு மூடிவிட்டார்கள். ஊரே அதை மொட்டைக் கோபுரம் என்றது. "கூம்பக் காப்பிப் பூச்சி தின்னுட்டுது" என்று நீங்கள் சொல்லும்போது வெள்ளைக்காரர்கள் மொழிபெயர்ப்பவரைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

கூம்புக்கு ஏறவென்று சுவரின் தடிப்புக்குள்ளேயே ஒரு கல்படி வைத்திருந்தார்கள். அது முறுக்கிக்கொண்டு மணியறைக்கு ஏறி, அதற்கு மேலும் கொஞ்சம் போய், வெறும் சுவரில் முட்டி நின்றது. எங்கேயும் போகாத படி. மணிக் கயிறு தரைப் பலகையில் போட்ட ஓட்டை வழியாக வாசல் மண்டபத்துக்கே இறங்கிவிடுவதால் மேலே போக யாருக்கும் தேவையும் இல்லை. பிள்ளைகள் ஏறி விழுகிறார்கள் என்று பழைய பங்குச் சாமியார் ஒருவர் அந்தப் படியின் கதவுக்கு முன்னால், சாமியிடம் பாவம் சொல்ல உட்காருகிற ஆளுயரப் பாவசங்கீர்த்தனப் பெட்டியை வைத்து மறைத்துவிட்டார். காலம் போகப் போக அங்கே கதவு இருப்பதையே ஊர் மறந்தது. கதவுக் கீல் மாற்ற நீங்கள் ஒருமுறை என்னைக் கூப்பிட்டதால் எனக்குத் தெரியும்.

நீங்கள் நீர்கொழும்புக்கு வடக்கே கடற்கரை ஊரிலிருந்து வந்தவர். வீட்டில் பேசினது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது சிங்களம், பதிவில் சிங்களப் பெயர். கோவில் மணி அடித்துக்கொண்டிருந்த உங்கள் புருஷன் செத்த மறுநாள் நீங்களே கயிற்றைப் பிடித்தீர்கள். பொம்பிளை மணி அடிப்பதா என்று சில பெரிய மனிதர்கள் சாமியிடம் போனார்கள். "யார் இழுக்கிறாங்கன்னு மணிக்குத் தெரியுமா?" என்று சாமி கேட்டு அனுப்பிவிட்டார். அதன் பிறகு உங்கள் கையைவிட்டுக் கயிறு போகவில்லை.

உங்கள் மணிக்குப் பாஷை இருந்தது. பெரியவர் ஒருவர் செத்தால் ஒரு அடி, பிறகு ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லி முடிக்கிற அளவுக்கு மௌனம், பிறகு அடுத்த அடி. ஆனால் ஞானஸ்நானம் பெற்ற கைப்பிள்ளை செத்தால் அப்படி இல்லை. இடைவெளியே விடாமல், பெருநாளுக்கு அடிப்பதுபோல அடிப்பீர்கள். பாவம் அறியாத பிள்ளை நேரே மோட்சத்துக்குப் போய்ச் சம்மனசாகி, தேவதூதர்களோடு சேர்ந்துவிடும், அதற்கு ஏன் துக்க மணி என்பது சபையின் கணக்கு. சம்மனசு மணி என்பார்கள் அதை. அது கேட்டால் கூப்பிடு தூரத்தில் இருக்கிற தாய்மார் எல்லாரும், அடுப்பில் எது இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு, வெள்ளைத் துணியும் வெள்ளைப் பூவும் எடுத்துக்கொண்டு கோவிலுக்கு ஏறி வரவேண்டும். செத்த பிள்ளை தனியாகக் கிடக்கக் கூடாது என்பது நம் மலைப் பக்கத்துக் கத்தோலிக்கரின் முறை. தமிழர், சிங்களவர் எல்லாருக்கும் அதுதான் முறை.

ஹந்தானைத் தோட்ட லயத்தில் ஒரு பிள்ளை வயிற்றோட்டத்தில் போனபோது என் வீட்டுக்காரி லூர்து மாசமாக இருந்தாள். சம்மனசு மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "சாவுக்கு ஏங்க சந்தோஷ மணி அடிக்கிறாங்க? நெஞ்ச அறுக்குது" என்றாள். நான் சபையின் கணக்கைச் சொன்னேன். "கணக்குப் போட்டவங்க பிள்ள பெத்தவங்களா?" என்று கேட்டாள். நான் ஆணிக் கடைக்காரன். வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனேன்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூலை மாதத்தில் எங்கள் பிள்ளை நிர்மலாவுக்குத் தலை நின்று, தவழத் தொடங்காத வயது. கொழும்பு எரிகிறது என்று ரேடியோ சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கண்டி டவுனில் தமிழர் கடைகள் எரிகின்றன என்று செய்தி வந்ததும் எங்கள் முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கினார். சிங்களவர், நல்ல மனிதர். "பஸ்ல போகாதே" என்று சொல்லி, தண்ணீர்க் குழாய் ஏற்றிய லொறியில் தார்ப்பாய்க்குக் கீழே என்னைப் படுக்க வைத்தார். பேராதனைப் பாலத்தில் லொறியை நிறுத்தி யாரோ டிரைவரிடம் பேசினார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்குத் தெரிந்த எல்லாச் செபத்தையும் சொன்னேன். சாப்பாட்டுக்கு முன் சொல்லும் செபத்தைக்கூட விடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வேலியில் நீங்கள் நின்றீர்கள். லூர்துவிடம் ஏதோ வேகமாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

"சாமி கொழும்புல மாட்டிக்கிட்டார். சாவி எங்கிட்ட. கீழ சந்தியில ரெண்டு லொறி ஆளுக நிக்கிறானுக. கதைக்காம வாங்க."

லூர்து பிள்ளையை எடுத்தாள். நான் குடையை எடுத்தேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியாது. பால்மா டின் இருந்தது, போர்வை இருந்தது, என் கை குடைக்குத்தான் போனது. கோவில் வாசலில் நீங்கள் அதைப் பார்த்தீர்கள். "நல்லது, மழை பெய்தா நனையாம சாகலாம்" என்றீர்கள். அந்த நேரத்திலும் என் காது அதைச் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டது.

பாவசங்கீர்த்தனப் பெட்டி பலா மரத்தில் செய்தது. அதை நகர்த்த ஆள் வேண்டுமே என்று நினைத்தேன். நீங்கள் தோளால் ஒரு தள்ளுத் தள்ளினீர்கள், வழுக்கிக்கொண்டு போனது. முதல்நாளே மெழுகுதிரித் துண்டுகளைத் தரையில் தேய்த்து வைத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகப் பயம் வந்தது. எதற்கும் அலட்டிக்கொள்ளாத நீங்களே இது வரும் என்று முதல்நாளே நினைத்திருக்கிறீர்கள்.

நாங்கள் ஏறியதும் பெட்டி திரும்பவும் கதவை மூடிய சத்தம் கேட்டது. மணியறையில் எங்கள் தலைக்கு மேலே மணி. நான் கையை உயர்த்தினால் தொடலாம். தகரக் கூரையின் ஓரமாக மழை கசிந்து சுவர் ஊறிப்போயிருந்தது. சுண்ணாம்பு செதில் செதிலாக உரிந்து எங்கள் மேல் ஒட்டியது. அந்த வாசம்தான், அக்கா. எங்கேயும் போகாத அந்தப் படிகளில் லூர்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளை பாலுக்கு முட்டினாள். லூர்து கொடுத்தாள். பயத்தில் பால் இறங்கவில்லை. பிள்ளை வாயை எடுத்து எடுத்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று இருவருக்கும் தெரிந்தது. வாயைப் பொத்தச் சொல்லி நான் சைகை காட்டினேன். மூச்சு முட்டுமே என்று லூர்து தலையை ஆட்டினாள்.

மணிச் சத்தம் வெளியே போவதற்காகச் சுவரில் சாய்வுப் பலகைகள் வைத்திருப்பார்களே, அதன் இடுக்கால் நான் பார்த்தேன். ஆட்கள் ஏறி வந்தார்கள். தடி, கத்தி, பெட்ரோல் கலன். அநேகம் பேர் எனக்குத் தெரியாத முகங்கள். முன்னால் வந்தவன் மட்டும் எங்கள் கடையில் கூரை ஆணி வாங்குகிறவன். அவர்கள் வாசல் மண்டபத்துக்குள் நுழைந்ததும் எனக்குக் கீழே, ஓட்டை வழியாக, குரல்கள் கேட்டன.

"அக்கே, கீழ் வீட்டுத் தமிழர் எங்கே?" என்று அவன் சிங்களத்தில் கேட்டான்.

அப்போதுதான் நிர்மலா அழுதாள்.

ஒரே ஒரு வீறல். அது முடிவதற்குள் கயிறு விறைத்தது. மணி அடித்தது. இடைவெளி இல்லை, மௌனம் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடித்தீர்கள். மண்டைக்குள்ளே அடித்ததுபோல இருந்தது. பிள்ளையின் வாய் திறந்திருந்தது, தொண்டை நரம்பு தெரிந்தது, சத்தம் மட்டும் எங்களுக்கே கேட்கவில்லை. நல்ல யோசனை, அழுகையை மறைக்க அக்கா அடிக்கிறார் என்று நான் நினைத்தேன். லூர்து என்னைப்போல மண்டு இல்லை. அவள் மணியின் பாஷையைக் கேட்டாள். அவள் முகம் சுவரின் நிறத்துக்குப் போனதைப் பார்த்தேன். பிள்ளையை இறுக்கிக்கொண்டு அவள் ஏதோ சொன்னாள். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"நம்ம பிள்ளைக்கு."

கீழே நடந்ததைப் பிறகு நீங்களும் மற்றப் பெண்களும் சொல்லித்தான் அறிந்தேன். கயிற்றை இழுத்துக்கொண்டே, அவர்கள் முகத்தைப் பார்த்து, "அந்தத் தமிழ் ஆட்களின் பிள்ளை செத்துப்போச்சு. புதைக்கக் கொண்டு போய்விட்டார்கள். அதற்குத்தான் மணி அடிக்கிறேன், வழியை விடுங்கள்" என்று கத்தியிருக்கிறீர்கள். ஏதோ சத்தம் கேட்டதே என்று ஒருவன் மேலே கையைக் காட்டியிருக்கிறான். "மொட்டைக் கோபுரத்துல புறா இருக்கு, ஏறிப் பிடி. ஏணி இருந்தா நீயே கொண்டா" என்றிருக்கிறீர்கள். அவர்கள் உள்ளே போனார்கள். பீடத்துக்குப் பின்னால் பார்த்தார்கள், உடுப்பு அறை அலுமாரியைத் திறந்தார்கள். பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள்ளும் ஒருவன் தலையை நீட்டினான். அதற்குப் பின்னால் சுவர் என்றுதான் அவனுக்குத் தோன்றியிருக்கும்.

அதற்குள் பாதையில் குடைகள் தெரிந்தன. நான் இடுக்கால் பார்த்தேன். முதலில் பேக்கரிக்காரரின் மனைவி. பிறகு அவருடைய மருமகள். பிறகு ஒவ்வொரு வீட்டு வளவிலிருந்தும் சிங்களப் பெண்கள், தலையில் முக்காடு, கையில் வெள்ளைத் துணி, வெள்ளை அலரிப் பூ. கதவைத் திறக்கவே எல்லாரும் பயந்த நாள் அது. ஆனால் சம்மனசு மணி கேட்டால் வரவேண்டும், வந்துவிட்டார்கள். "யாருடைய பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார்கள். "லூர்துவுடையது" என்று நீங்கள் சொன்னதும் பேக்கரி அம்மா மண்டபத்திலேயே குந்தி அழத் தொடங்கினாராம். ஆணி வாங்குகிறவனை அவருக்குத் தெரியும், அவன் தாயைத் தெரியும். "நீயுமா செத்த பிள்ளையைத் தேடி வந்தாய்?" என்று அவனைக் கேட்டாராம். அவன் தலையைக் குனிந்துகொண்டு பெட்ரோல் கலனைப் பின்னால் மறைத்தான் என்று சொன்னார்கள். கூட்டம் இறங்கிப் போனது. போகிற வழியில் எங்கள் வீட்டைக் கொளுத்தியது. அது வேறு.

நீங்கள் கயிற்றை விட்டீர்கள். மணி நின்றது. எனக்கு அது நின்றதுகூடத் தெரியவில்லை, காது இரைந்துகொண்டே இருந்தது. பிள்ளையைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. வாய் மூடியிருந்தது. அழுகிறாளா, மூச்சு விடுகிறாளா, எதுவும் கேட்கவில்லை. லூர்து பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்தாள், நிமிர்ந்தாள், தலையை ஆட்டினாள். அவளுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பாலத்தில் லொறி நின்றபோதும், ஆட்கள் ஏறி வந்தபோதும் பட்டதெல்லாம் பயமே இல்லை. இதுதான் பயம். என் விரலைப் பிள்ளையின் மூக்குக்குக் கீழே வைத்தேன். குளிரில் மரத்த விரலுக்கு அதிலும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நிர்மலா தும்மினாள். சுண்ணாம்புத் தூள். அந்தத் தும்மலும் எங்களுக்குக் கேட்கவில்லை. பார்த்தோம்.

பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. கூட்டம் திரும்பி வரலாம் என்று நீங்கள் சொன்னதால், செத்த பிள்ளைக்காக உட்காருவதுபோல வாங்குகளில் உட்கார்ந்து செபமாலை சொன்னார்கள். சிலருக்கு உண்மை தெரியும், சிலருக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிற என் பிள்ளையின் ஆத்துமத்துக்காக அவர்கள் செபித்துக்கொண்டிருக்க, நாங்கள் மேலே இருந்தோம். மறுநாள் காலை ஆமி லொறி வந்து எங்களை அகதி முகாமான பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது. நான் குடையோடு ஏறினேன்.

முகாமிலிருந்து திரும்பியதும் நாங்கள் கோவில் பக்கத்திலேயே ஒரு வாடகை அறைக்கு வந்தோம். லூர்து உங்களைக் கட்டிக்கொண்டு அழுதாள், கையைப் பிடித்து முத்தமிட்டாள். ஆனால் மணிக் கயிறு தொங்குகிற வாசல் மண்டபத்தால் மட்டும் கோவிலுக்குள் வரமாட்டாள். பக்கக் கதவால் வருவாள். அந்த வருஷக் கடைசியில் நிர்மலாவுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் போட்டபோது, பார்க்க வந்த உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நீங்க இல்லாட்டி நாங்க இல்ல, தெரியும். ஆனா உசிரோட இருக்கிற பிள்ளைக்கு மணி அடிச்சிட்டீங்களே அக்கா. ஊரே வந்து பூ வச்சிருச்சு. மேல இருக்கிறவரு அத நிஜம்னு எடுத்துக்கிட்டா?"

நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். பாவம் அறியாத பிள்ளை, சபையின் கணக்கு என்று ஏதாவது சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தீர்கள்.

"அடிக்கும்போதே எனக்கும் அந்தப் பயம் வந்துச்சு, லூர்து. கை நின்னா அழுகை கேட்கும். கை ஓடினா மணி கேட்கும். ஓட விட்டேன்." கொஞ்ச நேரம் பிள்ளையின் பாதத்தைத் தடவினீர்கள். "நீ தனியாப் பயப்படாதே. நானும் பயப்படுறேன். மூணு பேரும் பங்கு போட்டுப் பயப்படுவோம்."

"நான் எப்பவும் ரெண்டு ஆள் பங்கு எடுப்பேன், அக்கா" என்றேன். லூர்து அழுதுகொண்டே சிரித்தாள். மருந்து ஏற்றிய கையோடு நிர்மலா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சொன்னபடியே நீங்கள் பயந்தீர்கள். தொண்ணூற்றெட்டில், கண்டி நகரத்தில் குண்டு வெடித்த அந்த ஞாயிறு, விடிகாலைப் பூசை நேரம், கோவிலின் சாளரக் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. எல்லாரும் கதவுக்கு ஓடினார்கள். நீங்கள் பின்னாலிருந்து, கண்ணாடி விழுந்துகொண்டிருக்கும்போதே, பாடகர் குழுவில் நின்ற நிர்மலாவிடம் ஓடினீர்கள். பதினைந்து வயதுப் பெண்ணை உங்கள் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வாங்குக்குக் கீழே இழுத்தீர்கள். "விடுங்க பெரியம்மா, எனக்கு ஒண்ணுமில்ல" என்று அவள் கத்தியது எனக்குக் கேட்டது. உங்கள் தோளில்தான் கண்ணாடி ஏறியிருந்தது. அதற்குப் பிறகு வந்த சோதனைச் சாவடிக் காலத்தில் அவள் டவுனிலிருந்து வரும் பஸ் பிந்தினால், லூர்து வாசலில் நிற்பாள், நான் சந்தியில் நிற்பேன், நீங்கள் எங்களுக்கும் முன்னால் பாதித் தூரம் இறங்கியிருப்பீர்கள்.

நிர்மலாவுக்குக் கதை முழுக்கத் தெரியும். அவள் பயப்படுவதில்லை. கெலிஓயாவில் டீச்சர், அதிபருக்கே பாடம் எடுக்கிறவள், இரண்டு பிள்ளைகளின் தாய். நான் தினம் போன் எடுத்தால், "எனக்கு ஏற்கெனவே மணி அடிச்சாச்சு அப்பா, ரெண்டாந்தரம் யாரு அடிக்கப் போறா?" என்று சிரிக்கிறாள். லூர்து போனை என் கையிலிருந்து பிடுங்கி அவளைத் திட்டுவாள். நான் பக்கத்தில் நின்று நெஞ்சைத் தடவிக்கொள்வேன்.

போன ஞாயிறு அவள் பிள்ளைகளோடு பூசைக்கு வந்திருந்தாள். பிரசங்க நேரம் இருமினாள். சும்மா இருமல், ஹந்தானைக் குளிருக்கு எல்லாருக்கும் வருவது. இந்த நாற்பது வருஷமும் நிர்மலா இருமினால் இந்தக் கோவிலில் மூன்று தலை திரும்பும். லூர்து திரும்பினாள். நான் திரும்பினேன். நிர்மலா எங்களைப் பார்த்து முறைத்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். லூர்து என் கையைப் பிடித்தாள். பிடி வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. உங்கள் பங்கும் அதில் இருந்தது, அக்கா. அதையும் சேர்த்து நாங்கள் பயந்துகொண்டுதான் இருக்கிறோம்.